எந்த மேசையில் நின்றது?

காரைக்காலில் நான் படித்த பள்ளியில் பாடமொழி பிரெஞ்சு. 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் எங்கள் பள்ளியில் பிரெஞ்சு இறங்கவில்லை. ஆசிரியரை ‘முசே’ என்றுதான் அழைப்போம். ஒரு நாள் முசே கரும்பலகையில் ‘வினேக்ர்’ என்று எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார். முன்பாதி திராட்சை மது, பின்பாதி புளித்தது. புளித்த மதுவே வினிகர் என்றார்.

எனக்கு அது புதிய செய்தியாகத் தெரியவில்லை. என் அம்மாவின் ஊர் இராமநாதபுரம் பக்கம் தேவிபட்டினம். கோடை விடுமுறை முழுதும் அங்கேதான். பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், அதையும் சில வாரம் மறந்துவிட்டால் காடி என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அப்போது சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு. கள் என்ற கட்டத்தைத் தாண்டிக் காடியான பிறகுதான் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம். அம்மாச்சி அடுக்களை மூலையில் ஒரு சாடி வைத்திருப்பார். மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும்.

அந்த நெடியின் பெயர் அசிட்டிக் அமிலம். இந்தப் பதிவு அதன் வரலாற்றில் ஒரு சிறு பகுதியைப் பற்றியது. கூடவே என் வரலாற்றிலும் ஒரு சிறு பகுதி வருகிறது. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

காடி எப்படி உண்டாகிறது என்பதை விளக்கியவர் லூயி பாஸ்தர். மது தானாகப் புளிப்பதில்லை, அதன் மேல் ஏடாகப் படரும் நுண்ணுயிர் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதைப் புளிக்கச் செய்கிறது என்று காட்டினார். 1868இல் காடியைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் துணிக்கும் பிசினுக்கும் மருந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்த அமிலம் டன் கணக்கில் தேவைப்பட்டது. இராமேசுவரத்தில் யாத்ரீகர்களைப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்களின் இருட்டறையிலும் அந்தக் காலத்தில் இதே நெடிதான். படம் கழுவும்போது டெவலப்பரின் வேலையை நிறுத்துவதற்கு இந்த அமிலக் கரைசலில் முக்குவார்கள். அவ்வளவு தேவைக்கும் சாடியில் புளிக்கவைத்துக் கட்டுப்படியாகாது. நம் நாட்டில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தைப் படிப்படியாக மாற்றி அமிலம் செய்தார்கள். வெளிநாட்டில் வேறு வழி தேடினார்கள்.

அந்த வேறு வழி இது. மெத்தனால் என்ற எளிய சாராயத்தோடு கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சேர்த்துவிட்டால் நேரே அசிட்டிக் அமிலம். இந்த இரண்டையும் இயற்கை எரிவாயுவிலிருந்தே செய்யலாம். எங்கள் இராமநாதபுரத்து மண்ணுக்கடியிலும் அந்த எரிவாயு கிடைக்கிறது. வழுதூரில் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

காகிதத்தில் கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் இரண்டையும் ஒரு பாத்திரத்தில் வைத்தால் வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காது. இடையில் ஒரு தரகர் வேண்டும். தான் செலவாகாமல் மற்றவர்களைச் சேர்த்துவைக்கும் அந்தப் பொருளை வினையூக்கி என்கிறோம். அதற்கான ஐரோப்பியச் சொல்லை 1830களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். அது எப்படி வேலை செய்கிறது என்று துணிந்து சொன்னவர்களில் முக்கியமானவர் துலூஸ் நகரத்துப் பேராசிரியர் பால் சபாத்தியே. நிக்கல் தூளைக் கொண்டு ஹைட்ரஜனைச் சேர்த்துக் காட்டி 1912இல் நோபல் பரிசு பெற்றவர். வினையூக்கி சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, வினைபடும் பொருளோடு கொஞ்ச நேரம் கூடி நிலையில்லாத ஒரு சேர்மமாகிறது, பிறகு அது உடைந்து வினையூக்கி பழையபடி விடுபடுகிறது என்றார். அவர் சொன்னது சரியான திசை. ஆனால் அந்தத் தற்காலிகச் சேர்மத்தைக் கண்ணால் பார்த்தவர் அன்று யாரும் இல்லை.

பார்ப்பதில் என்ன கஷ்டம்? நம் கடற்கரைக்காரர்களுக்கு அதைச் சுலபமாக விளக்கலாம்.

ஆழத்தில் தூண்டில் போட்டுக் கலவா மீனை வேகமாக மேலே இழுத்தால், அதன் காற்றுப்பை ஊதிப்போய் வயிறு வாய் வழியே பிதுங்கி நிற்கும். அந்த மீனை மட்டும் பார்த்த ஒருவர், கலவா கடலடியில் இப்படித்தான் திரிகிறது என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? கடலில் பத்து மீட்டர் இறங்கினால் நம் மேல் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடுகிறது. கீழக்கரைச் சங்குக் குளியாட்கள் இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் மூச்சடக்கி வேலை செய்தவர்கள். 1960இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் கோபால்ட்டை வினையூக்கியாக வைத்து அமிலம் செய்தபோது அழுத்தம் ஏறத்தாழ 680 காற்றுமண்டலம், வெப்பம் 250 டிகிரி. கடலில் என்றால் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் ஆழம்.

அந்த இரும்புக் கலத்திலிருந்து ஒரு சொட்டு வெளியே எடுத்துச் சோதித்தால் அழுத்தம் போய்விடும். கார்பன் மோனாக்சைடு குமிழியிட்டு ஓடிவிடும். உள்ளே இருந்த சேர்மம் வேறொன்றாகிவிடும். நம் கையில் இருப்பது வயிறு பிதுங்கிய கலவா. ஆகவே மூடியைத் திறக்காமல், வினை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே பார்க்க வேண்டும்.

அதற்குக் கிடைத்த விளக்குதான் அகச்சிவப்பு ஒளி. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய சில இடங்களில் விழுங்குகிறது என்பதை 1905இல் அமெரிக்கர் கோப்லென்ட்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை வைத்து விரிவாக அளந்து வெளியிட்டார். 1928இல் நம் திருச்சிக்காரர் சி.வி. இராமன் ஒளிச்சிதறல் வழியாக மூலக்கூறுகளின் இதே அதிர்வுகளை வேறொரு வாசல் வழியே எட்டிப்பார்த்தார்.

இதில் கார்பன் மோனாக்சைடு ஒரு நல்ல சாட்சி. கார்பனும் ஆக்சிஜனும் வீணைத் தந்திபோல் இழுபட்டு அதிர்கின்றன. தனியாக இருக்கும்போது அந்தத் தந்தியின் சுருதி 2143. ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்ற கணக்கு இது. கார்பன் மோனாக்சைடு ஓர் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டால், உலோகம் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சம் அதற்குத் தருகிறது. தந்தி தளர்கிறது. சுருதி இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது, எத்தனை சுருதி கேட்கிறது என்பதை வைத்து அது எந்த உலோகச் சேர்மத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஒளி உள்ளே போக ஜன்னல் வேண்டுமே. சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியின் பெரும்பகுதியை மறைத்துவிடும். தாராளமாக வழிவிடும் பொருள்களில் ஒன்று சமையல் உப்பு. வாலிநோக்கத்து உப்பளத்தில் குவித்திருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். அதைத் தூய்மையாக உருக்கிப் பெரிய படிகமாக வளர்த்து, பலகையாக அறுத்து, ஆய்வுக்கூடங்களில் வெகுகாலம் ஜன்னலாக வைத்தார்கள். ஆனால் உப்பு ஈரத்தில் கரையும், அழுத்தத்தில் நொறுங்கும். ஆகவே உயர் அழுத்தக் கலங்களுக்குக் கால்சியம் புளோரைடு, துத்தநாக சல்ஃபைடு, செயற்கை நீலக்கல், சிலிக்கான் போன்ற கெட்டியான படிகங்களைத் தேர்ந்தார்கள். அமிலமும் அயோடைடும் இரும்பை அரிக்கும் என்பதால் கலத்தையே விலையுயர்ந்த நிக்கல் கலப்பு உலோகத்தில் செய்தார்கள். ஜன்னல்களுக்கு நடுவில் திரவம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு கனத்தில்தான் இருக்க வேண்டும். கூடினால் கரைப்பானே ஒளியை எல்லாம் விழுங்கிவிடும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை ஆய்வகங்களிலேயே இப்படிப்பட்ட கலங்கள் வந்துவிட்டன.

அதே சமயத்தில் அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தார் கோபால்ட்டுக்குப் பதில் ரோடியத்தை வைத்தார்கள். கூடவே அயோடைடு. 1968இல் செய்தி வெளியானது. 1970இல் டெக்சாஸ் சிட்டியில் ஆலை ஓடியது. அழுத்தம் 680இலிருந்து 30 முதல் 60 வரைக்குள் இறங்கியது. உள்ளே போன மெத்தனாலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அமிலமாக வந்தது. ஆனால் ரோடியம் மிக அரிய உலோகம், பெரும்பாலும் தங்கத்தையும் மிஞ்சிய விலை. அது உள்ளே என்ன செய்கிறது, எங்கே நேரத்தைக் கழிக்கிறது என்று தெரியாமல் ஆலை நடத்துவது பெரிய பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செலவழிப்பது போல.

ரோடியம் போகும் பாதையை அலுவலகத்துக் கோப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசை. முதல் மேசையில் ரோடியம் இரண்டு கார்பன் மோனாக்சைடு, இரண்டு அயோடைடு ஆகியவற்றோடு இருக்கிறது. அங்கே மெத்தில் அயோடைடு வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது மேசையில் அந்த மெத்தில் பக்கத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடின் மேல் நகர்ந்து உட்கார, இரண்டும் சேர்ந்து அசிட்டைல் ஆகிறது. மூன்றாவதில் காலியான இடத்துக்குப் புதிய கார்பன் மோனாக்சைடு வருகிறது. நான்காவதில் அசிட்டைலும் ஓர் அயோடைடும் சேர்ந்து பிரிந்துபோக, ரோடியம் பழைய உருவத்தோடு முதல் மேசைக்குத் திரும்புகிறது. பிரிந்துபோனது தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாகிறது. அதில் விடுபடும் அயோடைடு மெத்தனாலோடு சேர்ந்து மீண்டும் மெத்தில் அயோடைடாகிறது.

இதில் எந்த மேசையில் தாமதம்? கார்பன் மோனாக்சைடு வாயுவாயிற்றே, அதை இன்னும் அழுத்தித் தள்ளினால் வேலை வேகமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆலை நடக்கும் நிலைமையில் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் வேகம் கூடவில்லை. ரோடியத்தையோ மெத்தில் அயோடைடையோ இரட்டித்தால் வேகம் இரட்டித்தது. மான்சாண்டோவின் டெனிஸ் ஃபார்ஸ்டர் 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான சாட்சி இருக்கிறது. வினை நடக்கும்போதே அகச்சிவப்பு ஒளியில் பார்த்தபோது தெரிந்தவை முக்கியமாக இரண்டே சுருதிகள், 2060க்கும் 1990க்கும் பக்கத்தில். இரண்டும் முதல் மேசைக்காரருடையவை. உள்ளே இருந்த ரோடியம் ஏறக்குறைய முழுவதும் முதல் மேசையில் காத்துக் கிடந்தது.

கோப்பு குவிந்து கிடக்கும் மேசையில்தான் தாமதம். மற்ற மேசைகளில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அங்கே வந்த கோப்பு வந்த வேகத்தில் போய்விடுகிறது என்று அர்த்தம்.

இதைச் சில வருடங்களுக்கு முன் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் என் பேத்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினாள். கையிலிருந்த வரைபடத்தில் இரண்டு கோபுரம்போல் சுருதிகள். “தாத்தா, வேகத்தைத் தீர்மானிப்பது முதல் படிதான். இரண்டாம் நிலைச் சேர்மம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதால் அதை நேரில் பார்க்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் மெய்ட்லிஸ் குழுவினர்தான் பார்த்தார்கள்” என்றாள்.

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறொரு மேசை நினைவுக்கு வந்தது.

1980களில் இந்த மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் பிரிவு எழுத்தராக இருந்தேன். பாம்பனிலிருந்து ஓர் அம்மா வருவார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாத மரணத்துக்குக் காகிதம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். ஏழு வருடம் தகவல் இல்லாதவரைத்தான் சட்டம் இறந்தவராக அனுமானிக்கும். அதற்குமுன் உதவித்தொகை தர வேண்டுமானால் கீழிருந்து விசாரணை அறிக்கை வந்து, அதன் மேல் உத்தரவு போட வேண்டும். அறிக்கை கேட்டு எழுதியிருந்தோம். அது வரவில்லை என்று கோப்பு நிலுவையில் இருந்தது.

மாதம் ஒருமுறை வருவார். பஸ்ஸுக்குக் காசு செலவழித்துக்கொண்டு, பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு. “மேலே போயிருக்கிறது அம்மா” என்று சொல்லி அனுப்புவோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவரும் மேலே போய்ப் பார்த்தார். பெரிய அதிகாரியிடம் மனு கொடுத்தார். மனுநீதி நாளில் வரிசையில் நின்றார். ஊர்ப் பெரியவர்களை அழைத்துவந்து சொல்லவைத்தார். ஒவ்வொரு மனுவும் ‘விரைந்து நடவடிக்கை’ என்ற குறிப்போடு சுற்றிக்கொண்டு என் மேசைக்கே வந்தது. நான் அதைக் கோப்பில் சேர்த்தேன். அழுத்தம் கூடியது. வேகம் கூடவில்லை.

பதினொரு மாதம் கழித்துப் புதிதாக ஒரு கண்காணிப்பாளர் வந்தார். அதிகம் பேசமாட்டார். யாரையும் விளக்கம் கேட்கவில்லை, கோப்புகளைத் தன் அறைக்கு வரவழைக்கவும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொரு மேசையாக வந்து அந்த இடத்திலேயே நின்று தன்பதிவேட்டைப் பிரித்து, எந்தக் கோப்பு எத்தனை நாளாக எங்கே நிற்கிறது என்று எண்ணினார். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆய்வு வைத்தால் முதல் நாள் இரவே மேசைகள் எல்லாம் சுத்தமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எண்ணி முடித்ததும் என் அலமாரியைத் திறக்கச் சொன்னார்.

விசாரணை அறிக்கை அங்கே இருந்தது. வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதே ஊர்ப் பெயருள்ள வேறொரு கோப்பில் நானே அதைச் சேர்த்து வைத்திருந்தேன். தபாலில் வந்த தேதி முத்திரையும், அதன் பக்கத்தில் என் சுருக்கொப்பமும் இருந்தன.

அவர் திட்டவில்லை. “இன்றைக்கே எழுதுங்கள்” என்றார், அவ்வளவுதான். எழுதினேன். அடுத்த மேசைகளில் எல்லாம் சேர்த்து ஒன்பது நாள்தான் ஆனது. மேலே என்று நாங்கள் கைகாட்டிக்கொண்டிருந்த இடத்தில் கோப்பு ஒரு நாளுக்குமேல் நிற்கவில்லை.

உத்தரவை வாங்க அந்த அம்மா தனியாக வந்தார். “பையன் எங்கே?” என்று கேட்டேன். “வள்ளத்துல போறான் ஐயா. பள்ளிக்கூடத்த நிறுத்தி நாலு மாசமாச்சு” என்றார். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “மேல போயிருச்சுண்டுதான சொன்னீக, எப்ப ஐயா கீழ வந்துச்சு?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நாலு மாதத்துக்கு முன்பே அந்த அறிக்கை என் அலமாரியில் இருந்தது என்பது மட்டும் மனதில் ஓடியது.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, கதை ரோடியத்தோடு முடியவில்லை என்றாள். 1996இல் பி.பி. நிறுவனம் ரோடியத்தின் இடத்தில் இரிடியத்தை வைத்தது. அதில் முதல் மேசை வேலை நூறு மடங்குக்கும் மேல் வேகமாக முடிந்துவிடுகிறது. மறுபடியும் கலத்துக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, குவியல் இரண்டாவது மேசைக்கு மாறியிருந்தது. ஆகவே அங்கே உதவிக்கு ருத்தேனியத்தைச் சேர்த்தார்கள். அது ஓர் அயோடைடை அப்புறப்படுத்தி இடம் காலி செய்து கொடுக்கிறது. முதல் மேசைக்குச் செய்யும் மருந்தை இங்கேயும் செய்திருந்தால் பணம்தான் வீண். ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த வரைபடத்தை வரைய நிமிடங்கள்கூட வேண்டாம். எல்லா நிறங்களையும் ஒரே சமயத்தில் உள்ளே அனுப்பி, கலந்து வரும் அலைகளைக் கணினி பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கணக்கின் வேர், வெப்பம் பரவுவதைப் பற்றி 1822இல் பிரெஞ்சுக்காரர் ஃபூரியே எழுதிய நூலில் இருக்கிறது. அதை ஒளியை அளக்கும் முறையாக வளர்த்ததில், 1960களில் வெள்ளி, செவ்வாய் கிரகங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்த பியர் கோன், ஜனீன் கோன் தம்பதிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் எழுதிய மொழியில் படித்தும், எங்கள் பள்ளியில் அவர்கள் பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தேவிபட்டினத்து வீட்டில் அம்மாச்சியின் சாடி இப்போது இல்லை. பனைகளும் குறைந்துவிட்டன. பாம்பன் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன். இப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். பாலத்தின் மேல் பஸ் போகும்போது கீழே நிற்கும் படகுகளைப் பார்ப்பேன். எதில் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் இறங்கிப் போய், எந்த மேசையில் நின்றது என்ற அவருடைய அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.